இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்

காப்பிப் பழ மூட்டைக்குள் கையை விட்டால் பழம் குளிர்ந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இரண்டு இரவு கிடந்த பதினான்கு மூட்டைகளுக்குள் கைவிட்டபோது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது. கொட்டகை முழுக்கப் புளித்த வாடை. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கிவிட வேண்டும் என்பது தாண்டிக்குடி மலையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பல்ப்பரும் காயப்போடும் களமும் மங்களம்கொம்பு ரோட்டோரத்தில், வீட்டில் இருக்கின்றன. தோட்டம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, மண்பாதையில். மூன்று நாள் விடாத மழை. வாடகை ஜீப் கடைசி ஏற்றத்தில் ஏறவில்லை. பிறகு அந்தப் பழத்தின் தோலை நீக்கிக் காயவைத்த கொட்டையை, பார்ச்மென்ட் என்போம், பட்டிவீரன்பட்டிக்குக் கொண்டுபோனபோது, வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு விலையை எழுதிக் காட்டினார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. மூக்கு பொய் சொல்லாது.

அன்றிரவு தொடங்கியதுதான் வண்டி தேடும் படலம். ஏறக்குறைய ஓராண்டு தேடியிருக்கிறேன். ஒரு வண்டி வாங்க ஓராண்டா என்று என் தங்கை கேட்டாள். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போடப்போகிறேன். அந்தப் பணத்தை ஒருமுறைதான் செலவழிக்க முடியும். அதனால் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம், நடுவில் நான் தவறாக நினைத்திருந்ததையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் எதுவும் ஜீப்தான், இழுக்காததும் ஜீப்தான். அப்பா காலத்தில் பொதிக்குதிரைகள் இருந்தன. குதிரைக்கு இரண்டு மூட்டை, மழையானாலும் வெயிலானாலும் வந்துவிடும். குதிரைக்காரர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போனபிறகு ஜீப்தான் கதி. என் முன்னால் இருந்த தேர்வுகள் அதிகமில்லை. பழைய பெஜோ எஞ்சின் ஜீப் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் பட்டறையில் நிற்கும். மாருதி ஜிப்சியை நான் மிகவும் விரும்பினேன். எடை குறைவு, சேற்றில் மிதப்பதுபோல் போகும். ஆனால் அதைத் தயாரிப்பதை நிறுத்தி ஆண்டுகளாகின்றன, நல்ல நிலையில் உள்ளதை வைத்திருப்பவர் விற்பதில்லை, விற்பவர் சொல்லும் விலை நகைக்கடை விலை. ஆகவே 2010இல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார், அதிலும் இரண்டரை லிட்டர் சி.ஆர்.டி.இ. டீசல் எஞ்சின் கொண்டது என்று முடிவு செய்தேன். 105 குதிரைத்திறன், பின்பக்கம் பட்டை வில், தரையிலேயே ஃபோர் வீல் லீவர். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது, காற்றுப்பை கிடையாது. அந்தக் குறையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். என் வண்டி மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகப்போவதில்லை.

தரகர் ஒருவர் டெல்லி வண்டி ஒன்றைக் காட்டினார். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டதிலிருந்து அங்கே கழிக்கப்படும் வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. விலை குறைவுதான். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மறுபடி சாலை வரி என்று கூட்டிப்பார்த்தால் அந்தக் குறைவு கரைந்துவிடுகிறது. அதை அத்தோடு விட்டேன்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. முதலாவது 2013ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 68,000 கிலோமீட்டர், கொடைக்கானல் பக்கம் தங்கும் விடுதி வைத்திருப்பவருடையது, விலை ஆறரை லட்சம். இரண்டாவது 2012ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 2,11,000 கிலோமீட்டர், பெரியகுளத்துக்காரர் ஒருவருடையது, நான்கு லட்சத்து இருபதாயிரம். இரண்டையும் பார்த்தவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் வண்டியைத்தான் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். இரண்டு லட்சம் என்ற எண்ணைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. பூமியை ஐந்து முறை சுற்றிய வண்டி என்றான் என் தங்கை மகன். பூமத்திய ரேகை நாற்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், கணக்கு சரிதான்.

மலைக் கிலோமீட்டர்

வகுப்பில் சராசரி பாடம் எடுக்கும்போது நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. சராசரி நமக்கு ஒன்றைக் காட்டும்போதே இன்னொன்றை மறைக்கிறது. 2,11,000 கிலோமீட்டரைப் பதின்மூன்று ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம், நாளொன்றுக்கு நாற்பத்து நான்கு. பெரியகுளத்துக்காரர் மின் ஒப்பந்த வேலை செய்தவர். தேனிக்கும் மதுரைக்குமாக நெடுஞ்சாலையில் போய் வந்தவர். காலையில் எஞ்சின் சூடேறினால் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும். கிளட்சை மிதிக்கும் வேலையே குறைவு. 68,000 வண்டியோ மலையை விட்டு இறங்கியதே இல்லை. ஒரு கிலோமீட்டரில் பத்துத் தடவை கியர் மாற்றம், கொண்டை ஊசி வளைவில் முதல் கியர், இறக்கத்தில் பிரேக், எஞ்சின் சூடேறுவதற்குள் அடுத்த நிறுத்தம். மீட்டர் இரண்டையும் ஒரே கிலோமீட்டர் என்று எண்ணுகிறது. நானும் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வத்தலக்குண்டு மெக்கானிக்கை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வருடமாக ஜீப்பின் அடியில் படுத்திருப்பவர். அவரை அழைத்துக்கொண்டு முதலில் 68,000 வண்டியைப் பார்க்கப் போனேன். வண்டி பளபளவென்று நின்றது. சொந்தக்காரரும் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். ஓட்டிப் பார்க்கும்போது, ரோட்டில் வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பினால் திருப்பத்தின் நடுவில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறியது. பாய் குனிந்து லீவரைப் பார்த்தார். ஃபோர் வீலில் கிடந்தது. "எப்போதும் இப்படித்தான் ஓட்டுவீர்களா?" என்று கேட்டார். "மலை அல்லவா, பாதுகாப்புக்காக" என்றார் சொந்தக்காரர், பெருமையோடு.

இறங்கி வரும் வழியில் பெரும்பாறையில் டீ குடிக்க நிறுத்தியபோது, பாய் மேசைமேல் இரண்டு டீ கிளாஸை வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். முன்னால் உள்ளவை அதிக தூரம் உருள வேண்டும். இந்த மாதிரி வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்கின்றன. ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் சுற்ற வழியில்லை. சேற்றில் ஓட்டினால் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும், எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும், அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்திலும், ஷாஃப்ட்டை இணைக்கும் ஜாயின்ட் கிராஸிலும் போய் இறங்கும். கொடைக்கானல் வளைவுகளில் வருடக்கணக்காக இறங்கியிருக்கிறது. முன் டிஸ்க்குகளின் ஓரம் நீலம் பாய்ந்திருந்ததையும் அவர் கவனித்திருந்தார். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியதன் அடையாளம் அது. "டீச்சர், மீட்டர் இது ஓடாத வண்டி என்கிறது. கிரவுன் வேறு கதை சொல்கிறது" என்றார். ஆறரை லட்சத்தை நினைத்து எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. அந்த நல்ல மனிதர் தன் வண்டியைப் பாதுகாப்பதாக நினைத்தே பாழாக்கியிருக்கிறார். எவருமே அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு லட்சத்து வண்டியைப் பார்க்கும்போது பாய் நடந்துகொண்ட விதமே வேறு. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருக்கிறதா என்று. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் முதல் ஸ்டார்ட்டின் குறை தெரியாது. குளிர்ந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. கொஞ்சம் கரும்புகை, உடனே தெளிந்தது. நீலப் புகை இருந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள், அது இல்லை. ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, திருப்பி அதன்மேலேயே வைத்தார். மூடி லேசாக நடுங்கியது, எழும்பிக் குதிக்கவில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் காற்று பெரிதாகக் கீழே இறங்கவில்லை என்றார். பிறகு ரப்பர் விரிப்பைத் தூக்கினார். ஓட்டுநர் காலடியில் தகடு துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பொடிந்தது. சேஸிஸ் மட்டும் திடமாக இருந்தது. ஸ்டீரிங் பொருத்தியிருக்கும் இடத்தில் வெடிப்போ வெல்டிங் தழும்போ இல்லை. பின் மெயின் பட்டை ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. கிளட்ச் முடியும் தறுவாயில். டயர்களில் பொறித்திருந்த நான்கு இலக்க எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கும் 2018இல் பிறந்தவை. டயரின் பூ, அதாவது மேல் வரிகள், தேயாமல் நிறைய இருந்தது. ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டு நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தது.

கணக்கு டீச்சரின் வேலையை நான் செய்தேன். சர்வீஸ் ரசீதுகளை வாங்கி, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதியிருந்த கிலோமீட்டரைத் தாளில் ஏற்றினேன். 2016க்கும் 2019க்கும் நடுவில் ஏற்றம் செங்குத்து. பிறகு 2020இல் தட்டை, ஊரடங்கு. பிறகு மெல்ல ஏற்றம். எங்கேயும் எண் பின்னோக்கிப் போகவில்லை. மீட்டரைத் திருப்பி வைக்கும் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கும் காலத்தில், தன் இரண்டு லட்சத்தையும் மறைக்காமல் காட்டிய அந்த வரைபடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆர்.சி.யில் கடன் பதிவு இல்லை, ஒரே சொந்தக்காரர், இன்சூரன்ஸ் நடப்பில். பதினைந்து ஆண்டுப் பதிவு 2027இல் முடியும், அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. அதையும் தாளில் எழுதினேன். கிளட்ச், கிராஸ், பட்டை, நான்கு டயர், காலடித் தகடு, எல்லா எண்ணெயும் மாற்ற எழுபத்தெட்டாயிரம் என்று பாய் கணக்கிட்டார். ஆக, ஏறக்குறைய ஐந்து லட்சம்.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. ஃபோர் வீல் லீவர் அசைய மறுத்தது. பதின்மூன்று வருடத்தில் நான்கைந்து தடவைக்கு மேல் அதை யாரும் தொடவில்லை. மற்ற வண்டியில் ஒருபோதும் எடுக்கப்படாத லீவர், இதில் ஒருபோதும் போடப்படாத லீவர். "உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். பெரியகுளத்துக்காரரும் சம்மதித்தார்.

அந்த ஏற்றம்

புரட்டாசி முடியும் சமயம். முந்தின நாள் நல்ல மழை, வேண்டியதுதான் என்று நினைத்தேன். சித்தரேவு தாண்டி மலை ஏறும்போதே எனக்கு வண்டி பிடித்துவிட்டது. எஞ்சின் அலுப்பில்லாமல் இழுத்தது. பெரியகுளத்துக்காரர் ஓட்ட, பாய் முன்னால், நான் பின்னால் பக்கவாட்டு இருக்கையில். தடியன்குடிசையில் எங்கள் ஜீப்கார அண்ணனையும் ஏற்றிக்கொண்டோம். இருபத்தைந்து வருடமாக எங்கள் சரக்கை ஏற்றுபவர் அவர்தான். 2018இல் கஜா புயல் எங்கள் மலையை அடித்துப் போட்ட வாரத்தில், மரங்களை வெட்டி வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு, மூச்சுத் திணறிய என் அம்மாவைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவருடைய ஜீப் பின்சக்கரம் மட்டும் இழுப்பது. நான் சொந்த வண்டி வாங்கினால் அவருடைய வாடகையில் ஒரு பங்கு போகும். அது என் நெஞ்சில் ஒரு முள்ளாகவே இருந்தது; அவரிடம் சொல்லவும் தயக்கம். சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்கிறது டீச்சர். இன்னும் ஒரு பருவம், அதற்குமேல் இல்லை" என்றார். அவர் மகன் ஓட்ட வரப்போவதில்லை. அதுவரை அது என் கணக்கில் இல்லாத செய்தி. ஒரு பருவத்துக்கு முப்பது நடை, நடைக்கு 1,500 என்று வைத்தாலும் 45,000தான், அதற்கு ஐந்து லட்சத்தில் வண்டியா என்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அடியில் ஓர் அனுமானம் இருந்திருக்கிறது: வாடகை ஜீப் என்றைக்கும் வரும் என்று.

தோட்டத்துக்கு முன்னால் உள்ள கடைசி ஏற்றம் இருபது மீட்டர்தான். ஒரு பக்கம் சவுக்கு வேலி, மறுபக்கம் பள்ளம், நடுவில் சிவப்பு மண். பெரியகுளத்துக்காரர் இரண்டாம் கியரில் வேகமெடுத்து ஏறப் பார்த்தார். பாதியில் பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. பின்னால் இறக்கி மறுபடி, அதைவிட வேகமாக. மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை மண் எங்கள் தலைக்குமேல் பறந்தது. பாய் அவரை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தார். வண்டியை ஏற்றத்தின் அடியில் சமதரையில் முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, லீவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பல் உரசும் சத்தம் என் பல்லில் கூசியது. பிறகு 'டக்' என்று உட்கார்ந்தது. லோ கியர். எஞ்சின் அதே சுற்று சுற்றும், சக்கரம் முன்பு சுற்றியதில் பாதிகூடச் சுற்றாது. வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழுவை கூடுகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். வண்டி உறுமவில்லை. உழவு மாடு நுகத்தை உணர்ந்ததும் தலையைத் தாழ்த்துமே, அப்படித் தாழ்ந்து, நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்வி, வழுக்கிய இடத்திலும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தது.

நான் கைதட்டினேன். ஐம்பத்தொன்பது வயதில், கொட்டகை வாசலில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்தப் பதினான்கு மூட்டைகளும் என் கண்முன் ஏறிப் போயின. அந்த நிமிடம் யாராவது தாளை நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஜீப்கார அண்ணன் மட்டும் எங்களோடு மேலே வரவில்லை. கீழே ஏற்றத்தின் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போனேன். இரண்டு சக்கரத் தடமும் முழங்கை ஆழத்துக்குக் கிடந்தன. மேலே வேலியோரம் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் அதற்குள் வழி கண்டுபிடித்து, ஒரு தடத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஏறிவிட்டீர்கள். இனிமேல் இதில் என் வண்டி ஏறாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பைக் ஏறாது. தலைச்சுமையோடு வருகிற பொம்பளைகள் இந்தப் பள்ளத்தில் காலை வைத்தால் என்ன ஆகும்?"

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதனால்தான் அது அப்படித் தைத்தது. பிறகு ஒரு குச்சியால் தண்ணீர் வரும் வழியைக் காட்டினார். மேல்தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் வேலி முனையில் திரும்பி இந்த ஏற்றத்தின் தலையில் விழுகிறது. இருபது மீட்டரும் பாதையிலேயே ஓடி, அடியில்தான் பள்ளத்தில் இறங்குகிறது. "பாதை கெட்டுப்போகவில்லை டீச்சர். இது இப்போது ஓடை. ஓடையில் ஏற என்ன வண்டி வாங்கினாலும் இரண்டு மழைதான்" என்றார். உங்கள் அப்பா இருந்தபோது தலையில் ஒரு குறுக்கு வாய்க்கால் இருந்தது, நான் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார். அது எனக்கும் நினைவு வந்தது. ஐப்பசி பிறக்கும் முன் அப்பா மண்வெட்டியோடு அங்கே போவார். நான் கூடப் போய் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர் போனபின் பதினாறு வருடமாக அந்த வாய்க்காலை யாரும் தூர் எடுக்கவில்லை. என் தோட்டம், என் பாதை, நான் எடுக்கவில்லை. ஓராண்டாக நான் வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடப்போகிற மண்ணை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டி வேண்டாம் என்று முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்; பாதையைச் சரிசெய்தால் போதும், பணம் மிச்சம். ஆனால் அதுவும் பாதி உண்மைதான் என்று விடிவதற்குள் புரிந்தது. எனக்கு இருந்தவை இரண்டு வேறு வேறு சிக்கல்கள். ஒன்று, பாதை எந்த வண்டியையும் ஏற விடவில்லை. மற்றது, பழம் பறித்த மாலையில் வருவதற்கு வண்டி இல்லை. அறுவடைக் காலத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஜீப் வேண்டும், அடுத்த ஆண்டு அண்ணனும் இருக்க மாட்டார். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஓர் இயந்திரத்தை விடையாக வைத்திருந்தேன். பிள்ளைகள் இப்படிச் செய்தால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

காலையில் பெரியகுளத்துக்காரருக்குப் போன் செய்து, ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். வண்டியில் குறை சொல்லி விலையைக் குறைக்கத்தான் இழுக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. முன்பணமாகப் பத்தாயிரம் மட்டும் வாங்கிக்கொண்டார். "பதின்மூன்று வருடம் நின்ற இடத்தில் இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும் அம்மா" என்றார். அதற்குள் பாய் வண்டியை எடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை வடித்துப் பார்த்தார். இரும்புத் தூள் இல்லை, பழைய எண்ணெய் குழம்பாகிப் போனதுதான் லீவர் இறுகியதற்குக் காரணம். வாங்கினால் மாதத்துக்கு ஒருமுறையாவது மண்பாதையில் லீவரைப் போட்டு எடுக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை.

கல் பாவியது

அந்தப் பாதையை நம்பி மூன்று தோட்டங்கள் இருக்கின்றன. மூவரும் கூடிப் பேசியது ஒரு மாலை. யார் பட்டாவில் எவ்வளவு பாதை என்ற பழைய முணுமுணுப்பு கொஞ்சம் எழுந்தது, அடங்கியது. கல்லுக்கு விலை இல்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் எங்கள் தோட்டத்தில் கிடப்பதே போதும். கூலிக்கும் கொஞ்சம் சிமென்ட்டுக்கும் 38,000 ஆயிற்று, மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். முதலில் ஏற்றத்தின் தலையில் சாய்வாக ஒரு குறுக்கு வாய்க்கால், அப்பா வெட்டிய அதே இடத்தில். நடுவில் இன்னொன்று. பிறகு சக்கரம் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் தட்டைக் கல் பதித்தார்கள், நடுவில் புல் வளர விட்டு. குறுக்கு வாய்க்காலை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்ட வேண்டும் என்பதை அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். நேராக வெட்டினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் விழுந்து பட்டை முறியும். தண்ணீரும் ஓடாமல் தேங்கி மண் மூடிவிடும். வேலை பன்னிரண்டு நாள். ஒரு நாள் காட்டுமாட்டுக் கூட்டம் வந்து பாதையிலேயே நின்றதால் மதியம்வரை ஒன்றும் நடக்கவில்லை.

கொத்தனாருக்கு நான் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அது எனக்கு முக்கியமாகப் படுவதால் சொல்கிறேன். இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் என்ற எண்ணுக்கு நான் பயந்ததற்குக் காரணம், அதை வண்டி செலவழித்த ஆயுள் என்று படித்ததுதான். அது அந்த மனிதர் ஒரே சீராக, எண்ணெய் மாற்றும் நாளைத் தவறவிடாமல் ஓட்டிய பதின்மூன்று வருடத்தின் பெயர். அந்த எண்ணெய் ரசீதுகளுக்குச் சமமாக எங்கள் பாதைக்கு என்னிடம் என்ன இருக்கிறது? பதினாறு வருடத்தில் ஒரு மண்வெட்டி வேலைகூட இல்லை. அவர் வண்டியை வாங்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டேதான் இன்னும் நாற்பது கல் எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி கடைசி. பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. பத்து நாளில் முதல் பறிப்பு. நேற்று இரவு ஒன்பது மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. விடிந்ததும் டார்ச்சும் குடையுமாக நடந்தே போனேன். மேல்தோட்டத்துத் தண்ணீர் செம்மண் கரைத்து வேலி முனையில் திரும்பி, வாய்க்காலில் விழுந்து, அப்படியே பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழ்வாய்க்காலின் ஓரத்தில் இலைக் குப்பை சேர்ந்து கொஞ்சம் மண் ஏறியிருந்தது. கையாலேயே வழித்து விட்டேன். கல் தடத்தின்மேல் மழைத்துளியைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. ஏழு மணிக்கு ஜீப்கார அண்ணன் பக்கத்துத் தோட்டத்து வாழைத்தார் ஏற்ற வந்தார். ஏற்றத்தின் அடியில் ஒரு நொடி நிறுத்தி எட்டிப் பார்த்தார். பிறகு முதல் கியரில் அந்தப் பழைய ஜீப்பை, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்பை, கல்லின்மேல் ஏற்றி மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுப் பெரியகுளத்துக்குப் போன் செய்தேன். மீதிப் பணத்தை வியாழக்கிழமை கொண்டுவருகிறேன், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். வைப்பதற்கு முன், "தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று அம்மா?" என்று கேட்டார்.